அளவு ஜாக்கெட்

பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள் நான். கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் என் கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. எந்தப் பெண் வாசலில் தலை நீட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அளவு ஜாக்கெட் கொண்டு வந்தியளா?" உடம்பில் டேப் வைத்து அளக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. சரியாகப் பிடிக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் தந்தால் மேசையில் விரித்து அதன்படி வெட்டிவிடுவேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான். உடம்பு மூச்சை இழுத்துப் பிடித்துப் பொய் சொல்லும், ஜாக்கெட் பொய் சொல்லாது என்று பெரிய பேச்சுப் பேசுவேன். அந்தப் பேச்சு என் உயிரையே கொண்டுபோகப் பார்த்தது.

சர்க்கரை நோய் என் சிறுநீரகங்களைத் தின்று முடித்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அன்றிலிருந்து திங்களும் வியாழனும் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, திரும்ப உள்ளே விட வேண்டும். அதற்கு ரத்தம் வேகமாக ஓடுகிற தடித்த குழாய் ஒன்று தோலுக்குப் பக்கத்தில் வேண்டும். கையில் பச்சையாகத் தெரிகிற சிரைகளில் அந்த வேகம் இல்லை. அதனால் ஆபரேஷன் செய்து, ஒரு சிரையை உள்ளே ஓடுகிற தமனியோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாயப் பாய அது தடிக்கும், பிறகு அதில் ஊசி குத்தலாம். ஃபிஸ்டுலா என்று அதற்குப் பெயர்.

எனக்கு முதலில் இடது மணிக்கட்டில் வைத்தார்கள். இருபது நாளில் அடைத்துக்கொண்டது. வலது மணிக்கட்டில் வைத்தது ஓடத் தொடங்கவே இல்லை. அதுவரை கழுத்தில் ஒரு குழாயைச் செருகி அதன் வழியாகத்தான் டயாலிசிஸ். அந்தக் குழாயில் இரண்டு தடவை கிருமி ஏறியது. பல் கிட்டித்து, கட்டிலும் சேர்ந்து ஆடுகிற அளவுக்குக் குளிர்காய்ச்சல். இரண்டாவது தடவை நான் பிழைத்தது பெரிய காரியம் என்று நர்ஸே சொன்னாள். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட அந்தக் குழாயின் பக்கம் கண்ணைக் கொண்டுபோக மாட்டேன்.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் மலையாளி, இளவயதுக்காரர். இடது மேல்கையின் உட்புறத்தில் ஸ்கேன் கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார். யாரும் ஊசி குத்தாத சிரை ஒன்று அங்கே ஆழத்தில் ஓடுகிறதாம்.

"நல்ல வெயினாணு சேச்சி. பக்ஷே, இது போயால் பின்னெ கையில் வேறெ ஸ்தலம் இல்லா, கேட்டோ."

கையில் வேறு இடம் இல்லை. பிறகு தொடை, அதுவும் சர்க்கரைக்காரிக்குச் சரிப்படுமா என்று தெரியாது, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கழுத்துக் குழாய். மூன்றாவது காய்ச்சலுக்கு என் உடம்பு தாங்காது என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். வெளியே வந்ததும், "டாக்டர் என்னட்டி சொன்னாரு?" என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மார்பிள் பதிக்கிற வேலைக்காகக் கூட்டாளிகளோடு தம்பானூரில் வந்து இறங்கியவர் இங்கேயே தங்கிவிட்டார். கல் அறுக்கிற மெஷினை வலது பக்கமாகவே பிடித்துப் பிடித்து வலது காது மந்தமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் இடது பக்கம் போய் நின்று சொல்ல வேண்டும். கேட்ட பிறகும் உடனே பதில் வராது. எச்சிலை விழுங்கி, தரையைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். எனக்கு வாய் முந்தும், அவருக்கு மௌனம் முந்தும். இத்தனை வருஷம் ஓடியது எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஆபரேஷன் இரண்டு தடவையாக நடந்தது. முதல் தடவை முழங்கை மடிப்பில் சிரையைத் தமனியோடு தைத்தார்கள். மயக்கம் தரவில்லை; தோள்பட்டைக்கு மேலே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என் கை என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. துணி போடுவதற்கு முன்னால், மரத்திருக்கிறதா என்று பார்க்க வலது கையை நீட்டி இடது கை விரலைத் தொட்டுப் பார்த்திருந்தேன். சூடாக, கனமாக, யாரோ ஒருத்தியின் கை அது. பயத்தை மறைக்க, "நூல் எந்த நம்பர் டாக்டர்?" என்று கேட்டேன். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். தலைமுடியைவிட மெல்லிய நூல் என்றார். நானும் முழுநேரம் நூலோடு வாழ்கிறவள்தான், ஆனாலும் அப்படி ஒரு நூலை நான் கண்டதில்லை.

ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். ஆழத்தில் கிடந்த சிரையை அக்குள் வரைக்கும் தோண்டி எடுத்து, தோலுக்கு அடியில் மேலாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மேல்கையின் உட்புறம் முழுக்க நீளமாக ஒரு தழும்பு, அதற்கு முன்னால் சுண்டுவிரல் தடிமனுக்குக் குழாயாக அந்தச் சிரை. முழங்கை மடிப்பில் விரலை வைத்தால் ஓயாமல் ஒரு அதிர்வு. தையல் மெஷினின் மோட்டார் ஓடும்போது மேசையில் உள்ளங்கையை வைத்தால் வருமே, அதேதான். த்ரில் என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். காதை வைத்தால் உஸ்ஸென்று சத்தமும் கேட்கும். அந்த அதிர்வு இருக்கும் வரைக்கும் ஃபிஸ்டுலா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

"தினமும் காலையில தொட்டு நோக்கணும்," என்று டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். அதிர்வு போய் வெறும் துடிப்பு மட்டும் சுத்தியல் மாதிரி இடித்தால் மேலே எங்கோ வழி அடைக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிஷமும் வீணாக்காமல் வந்துவிட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பை மாட்டக் கூடாது, வளையல் கூடாது, தலையணையாக வைத்துப் படுக்கக் கூடாது. எல்லாவற்றையும் நான் மனப்பாடம் செய்துகொண்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கையைத் தொடவே இல்லை. டன் கணக்கில் கல் தூக்கிய மனுஷன், "வேண்டாம்ட்டி, எனக்கு என்னமோ செய்யுது," என்று விலகிப்போவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். நான் பயப்படுகிறேன், சரி. எனக்கும் சேர்த்துப் பயப்படாமல் இருக்க ஒரு ஆள் வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகனுக்குக் கல்யாணம் வந்தது. ஊர் பாறசாலையைத் தாண்டி எல்லைப் பக்கம், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுகிற கோயில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கல்யாணம் திங்கட்கிழமை. டயாலிசிஸைச் செவ்வாய்க்கு மாற்றி வாங்கினேன். அடுத்த வாரம் கையில் முதல் ஊசி, அது சரியாக ஓடினால் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்தை முந்தானை மறைத்துவிடும். கையை எதால் மறைப்பது? எங்கள் சனங்களுக்கு ஒரு தழும்பு போதும், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் என்னைக் குழியில் இறக்கிவிடுவார்கள். முழங்கை வரைக்கும் கை வைத்துப் பட்டு ஜாக்கெட் தைத்துவிட முடிவு செய்தேன்.

தைத்தது எப்படி? என் பழைய ஜாக்கெட் ஒன்றை மேசையில் விரித்து, அதன்படி. ஆபரேஷனுக்கு முந்திய ஜாக்கெட். கைச்சுற்று மாறியிருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தோள்மேல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து போட்டுப் பார்த்தேன். கை கொஞ்சம் இறுக்கம், ஆனால் சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் பிடித்து நின்றது. கண்ணாடியில் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. டயாலிசிஸ் உடம்பில் தேங்குகிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும், அதனால் அன்றைக்கு என் உடம்பில் நீர் வற்றியிருந்தது. திங்கட்கிழமை காலையில் நாலு நாள் தண்ணீரும் உடம்பில் நின்றது. ஜாக்கெட்டைப் போடவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "புதுத் துணிதானே, போட்டா இளகும்." வாடிக்கைக்காரிகளிடம் ஆயிரம் தடவை சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினேன்.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அக்காவின் சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். போதகர் பிரசங்கம் தொடங்கினார். கை கனத்தது. விரலில் மோதிரம் கடித்தது. பழக்கத்தில் வலது கை விரலை முந்தானைக்குள் விட்டு, இடது முழங்கை மடிப்பில், ஜாக்கெட் கை முடிகிற இடத்தில் வைத்தேன்.

அதிர்வு இல்லை.

டக், டக், டக் என்று இடித்தது. அவ்வளவுதான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், விரல் மாறி வைத்திருப்பேன் என்று இன்னொரு தடவை வைத்தேன். இன்னும் கொஞ்சம் கீழே. இன்னும் கொஞ்சம் மேலே. இடிதான். ஜாக்கெட் கையின் உள்தையல் சரியாக அந்தச் சிரை ஓடுகிற இடத்தில் படிந்திருந்தது. பின்னால் பிரித்து இளக்கிக்கொள்ளலாம் என்று உள்ளே இரண்டு விரல் துணி விட்டு மூன்று தையல் போடுவது என் வழக்கம். அதற்காகவே என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு விரல் பட்டு மடிந்து, கயிறு மாதிரி திரண்டு, என் குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். நகம் நுழையக்கூட இடமில்லை. கழற்றுவதென்றால் அங்கே உட்கார்ந்து எப்படிக் கழற்றுவது?

ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வலது காது என் பக்கம். கையை ஆட்டினேன். அவர் போதகரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு என்றைக்கும் இல்லாத பக்தி இன்றைக்குத்தானா வர வேண்டும்!

"என்ன, வயித்துக்குச் செரியில்லியா?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுந்து ஓட வேண்டியவள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்குமே என்று உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா, கால் மணி நேரமா, தெரியாது. விரலை மட்டும் எடுக்கவில்லை. அந்த இடிகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்தது. தாலி கட்ட எல்லாரும் எழுந்து நின்றபோது நானும் எழுந்தேன். சனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஆண்கள் பக்கமே போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் போய் நின்றோம். நான் சொன்னது அவருக்குப் பாதிதான் கேட்டது, ஆனால் என் முகத்தைப் பார்த்து முழுக்கப் புரிந்துகொண்டார்.

"கத்திரி எங்கட்டி?"

முப்பது வருஷத் தையல்காரியின் கைப்பையில் பாட்டுப் புத்தகமும் மாத்திரையும்தான் இருந்தன. ஒரு நூல்வெட்டிகூட இல்லை. ஹூக்கை அவிழ்த்துக் கழற்றப் பார்த்தோம். வியர்வையில் ஒட்டிக்கொண்டு முழங்கைக்கு மேலே அசையவே மாட்டேன் என்றது. இழுத்தால் குழாய் என்ன ஆகுமோ என்று நான் அலறினேன்.

அவர் எச்சிலை விழுங்கினார். தரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஜாக்கெட் கையின் ஓரத்து மடிப்பைக் கொஞ்சம் புரட்டி, பல்லால் கடித்தார்.

தோலுக்கும் துணிக்கும் நடுவில் இடமே இல்லை. அடியில் தமனியின் வேகத்தோடு ரத்தம் முட்டி நிற்கிறது. பல் பட்டுக் குழாய் கிழிந்தால் மணிக்கூண்டின் நிழலிலேயே என் கதை முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மீசை குத்தியது. நூல் அறுந்தது, அவர் பிடித்து இழுத்தார், ஒரு தையல் பிரிந்தது. பிறகு இரண்டாவது.

"எதுக்குட்டி இவ்வளவு தையல் போட்ட?"

"பேசாம கடியுங்க!"

மூன்றாவதும் போனது. அக்குள் வரைக்கும் கிழித்துவிட்டார். கை விட்டுப்போன ஜாக்கெட் பக்கவாட்டில் தொங்கியது. மேல்கையில் தையலின் தடம் சிவப்பாகக் குழிந்து கிடந்தது. எவள் பார்த்தாலும் பார்க்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"தொட்டுப் பாரு," என்றார்.

நான் பார்க்கவில்லை. வலது கை எழவே இல்லை. அத்தனை நேரம் எடுக்காமல் வைத்திருந்த விரலை இப்போது கொண்டுபோக எனக்குத் துணிச்சல் இல்லை. இல்லை என்று தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமலே நின்றுவிடலாம் என்று தோன்றியது. "என்னால முடியாது. நீங்க பாருங்க," என்று அழுதேன்.

அந்தக் கையை இதுவரை தொடாதவர், முழங்கையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். விரல் எல்லாம் கல் அறுத்துக் காய்த்துப் போனவை, அதில் எதுவும் தெரியாது என்று அவருக்கே தெரியும் போல. குனிந்து காதை வைத்தார். கோயிலுக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் கேக்கலையே..."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். போயிற்று. கையில் வேறு இடம் இல்லை. இனி ஆயுசுக்கும் அந்தக் கழுத்துக் குழாய், அந்தக் குளிர். கட்டிக்கொடுத்த மகளுக்கு யார் சொல்வது? வெட்டி வைத்த துணிகளை யார் தைத்துக் கொடுப்பது? இப்படி என்னென்னவோ ஓடி முடித்த பிறகுதான் குனிந்திருந்த தலையைச் சரியாகப் பார்த்தேன். அவர் வைத்திருந்தது வலது காது.

"அந்தச் செவி இல்ல! மத்த செவி! மத்த செவிய வையுங்க!"

கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் தலையைத் திருப்பி இடது காதை வைத்தார். நான் மூச்சு விடவில்லை.

எச்சிலை விழுங்கினார்.

"இருக்கு," என்றார். "மெதுவா. ஆனா இருக்கு."

தாலி கட்டி முடித்த பெண்ணையும் பையனையும் நான் பார்க்கவே இல்லை. முந்தானையைத் தோளில் சுற்றிக்கொண்டு காரில் ஏறிவிட்டோம். வழி முழுக்க அவர் என் கையை மடியில் வைத்து, இடது காதை அதில் சாய்த்துக்கொண்டே வந்தார். நெய்யாற்றின்கரையில் "இருக்கு" என்றார். பாலராமபுரத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றபோது நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் "இருக்கு." கரமனைப் பாலத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைப் பிடித்து உலுக்கினேன். "பக்கத்துல லாரி போவுதுட்டி, பொறு," என்றார். அந்த லாரிக்காரனை நான் திட்டிய திட்டுக்கு எங்கள் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

ஸ்கேனில் பார்த்த டாக்டர், அழுத்தம் பட்ட இடத்தில் ரத்தம் கட்டி தட்டத் தொடங்கியிருக்கிறது, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றி இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். "ஒரு மணிக்கூர் கூடி கழிஞ்சிருந்தெங்கில் போயேனே," இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே கிழிந்து தொங்கிய ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கோபமாகவே கேட்டார்:

"இது ஏது டெய்லரா தைச்சது?"

"கிழக்கேகோட்டயில ஒரு பொம்பள," என்றேன்.

"அவரோடு சொல்லணும், அளவெடுக்கான் படிக்கட்டே என்னு." அந்தப் பொம்பளை முதலில் அளவெடுக்கக் கற்றுக்கொள்ளட்டுமாம்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருமினார். டாக்டர் பக்கம் இருந்தது அவருடைய வலது காதுதான், ஆனாலும் இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது.

மூன்று வாரம் தள்ளி அதில் முதல் ஊசி குத்தினார்கள். இப்போது கழுத்தில் குழாய் இல்லை, ஒரு சின்னத் தழும்புதான் இருக்கிறது. கடைக்குப் போகிறேன். ஜாக்கெட் பொய் சொல்லாது என்று பேசியவள் இப்போது டேப்பை எடுத்துக் கைச்சுற்று அளக்கிறேன். பழைய வாடிக்கைக்காரிகளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குக் கை இல்லாத நைட்டியும் தொளதொள ஜாக்கெட்டும்தான்.

ஆனால் பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அந்தக் கையை நானாகத் தொட்டுப் பார்க்க இன்றைக்கும் என்னால் முடியவில்லை. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன்னால் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து இடது காதை வைக்கிறார். வைத்த உடனே சொல்லுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், சண்டையும் போட்டுவிட்டேன். அவரால் முடியாது, எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் சொல்வார். அவர் காதை வைப்பதற்கும் "இருக்கு" என்று சொல்வதற்கும் நடுவில் நான் மூச்சு விடுவதில்லை.